சிரிக்க வைக்கும் சிநேகிதன்



உங்கள் வகுப்பில் ஒருவன் இருப்பான். ஒருத்தியாகவும் இருக்கலாம். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்வான். நாலு பெஞ்சும் 'குபீர்' என்று சிரிக்கும். ஆசிரியர் திரும்பிப் பார்த்தால், அவன் முகம் மட்டும் ஒன்றுமே தெரியாத பிள்ளையார் மாதிரி இருக்கும்! முப்பத்தைந்து ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்தவன் நான். அந்தப் பிள்ளையார் முகத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் தெரியுமா?

சரி, இன்னொரு கேள்வி. உங்களுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் பள்ளிக்குப் போகவில்லை. சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தது யார்? முதல் ரேங்க் வாங்குபவனா? பெரும்பாலும் இல்லை. அந்தப் பிள்ளையார் முகத்துக்காரன்தான்!

கதைகளிலும் இப்படி ஒருவன் உண்டு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவான். வடமொழி நாடகங்களில் ராஜாவுக்குத் தோழனாக விதூஷகன் வருவான். சினிமாவில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். உங்களுக்கே என்னைவிட அதிகம் தெரியும். ஆனால், சிரிக்கவே முடியாத ஓர் உலகத்தைப் பற்றிய கதையில் இப்படி ஒரு சிநேகிதன் வந்தால் அவன் பாடு என்ன ஆகும்? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பயமுறுத்தும் நல்ல ஊர்!

1516ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தாமஸ் மூர் என்பவர் 'உட்டோப்பியா' என்று ஒரு புத்தகம் எழுதினார். எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒரு கற்பனைத் தீவைப் பற்றிய புத்தகம் அது. கிரேக்க மொழிச் சொற்களைச் சேர்த்து அவரே உண்டாக்கிய பெயர். 'இல்லாத இடம்' என்று அர்த்தம். குறும்புக்காரர்தான்!

பிற்காலத்தில் அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டு 'டிஸ்டோப்பியா' என்றார்கள். மேலே பார்த்தால் மாளிகை, உள்ளே போனால் சிறைச்சாலை. அப்படிப்பட்ட ஊர்களைப் பற்றிய கதைகளுக்கு டிஸ்டோப்பியக் கதைகள் என்று பெயர். யார் என்ன வேலை செய்ய வேண்டும், எத்தனை பிள்ளை பெற வேண்டும், என்ன பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் மேலே இருப்பவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். பெரியவர்களுக்காக எழுதப்பட்ட இப்படிப்பட்ட கதைகளில் ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட நாவல் உலகப் புகழ் பெற்றது. அதை நீங்கள் கல்லூரிக்குப் போனதும் படித்துக்கொள்ளலாம். இப்போது வேண்டாம்.

உங்கள் வயதுப் பிள்ளைகளுக்காக இந்த வகைக் கதை எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் லோயிஸ் லௌரி. 1937இல் பிறந்தவர். இவருடைய 'தி கிவர்' என்ற நாவல் 1993இல் வந்தது. குழந்தை இலக்கியத்துக்காக அமெரிக்காவில் தரப்படும் நியூபெரி பதக்கத்தை 1994இல் அதற்குக் கொடுத்தார்கள். 'கிவர்' என்றால் தருபவர். என் பேத்தி நூலகத்தில் இருந்து எடுத்து வந்த புத்தகம். அவள் தூங்கிய பிறகு நான் எடுத்துப் படித்தேன். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டுதான்! வெட்கம் என்ன, தெரியாததைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

அடை கேட்டால் அடி!

அந்த ஊரில் மலை இல்லை. பனி இல்லை. நிறம்கூட இல்லை! எல்லாம் ஒரே மாதிரி. பிறந்தநாள் என்று தனியாக யாருக்கும் கிடையாது. டிசம்பர் மாதம் ஊரே கூடி, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் ஒரு வயது ஏற்றிவிடும். ஒன்பது வயதானால் சைக்கிள் உண்டு. பன்னிரண்டு வயதானால், வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகும் வேலை எது என்று மூத்தோர் குழு சொல்லிவிடும். 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

கதாநாயகன் ஜோனாஸ். பன்னிரண்டு வயதாகப் போகிற பையன். எதையும் யோசித்து, அளந்து பேசுபவன். அவனுடைய உயிர்ச் சிநேகிதன்தான் ஆஷர்.

ஆஷர் வகுப்புக்குத் தாமதமாக ஓடி வருவான். எல்லாருடைய சைக்கிளும் அதனதன் இடத்தில் ஒழுங்காக நிற்கும். அவனுடையது மட்டும் தரையில் சாய்ந்து கிடக்கும். (பார்த்த மாதிரி இருக்கிறதா?) ஒருநாள் தாமதத்துக்குக் காரணம் சொல்கிறான். வரும் வழியில் மீன் பண்ணையில் சால்மன் மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்ததில் கவனம் சிதறிவிட்டது என்று சொல்ல வேண்டும். அவனோ, மனம் நொந்துபோய்விட்டது என்ற பொருள்படும் வேறொரு சொல்லைப் போட்டுவிடுகிறான்! இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒன்று. மீனைப் பார்த்து மனம் நொந்தவனை நினைத்து வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியர் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி வித்தியாசத்தை விளக்குகிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால், இந்தச் சொல் தடுமாற்றத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பன்னிரண்டு வயது விழாவில் மேடையில் நின்றுகொண்டு ஊர்த் தலைவி அதைச் சொல்கிறார்.

ஆஷருக்கு அப்போது மூன்று வயது. குழந்தைகள் காப்பகத்தில் காலையில் பழச்சாறும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். வரிசையில் நிற்கும் ஆஷருக்குப் பொறுமை இல்லை. ஆங்கிலத்தில் தின்பண்டத்துக்கு 'ஸ்நாக்' என்று பெயர். அவன் வாயில் அது 'ஸ்மாக்' என்று வந்துவிட்டது. ஸ்மாக் என்றால் அடி! நம்மூரில் ஒரு பொடியன் 'அடை வேணும்' என்று கேட்பதற்குப் பதிலாக 'அடி வேணும்' என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்களேன்.

என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்டதையே கொடுத்தார்கள்! அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளைத் திருத்துவதற்கென்று வளையும் மெல்லிய பிரம்பு ஒன்று உண்டு. குழந்தை ஒவ்வொரு முறை 'ஸ்மாக்' என்று கேட்கும்போதும் ஓர் அடி. அவன் பதற்றத்தில் மறுபடி தப்பாகவே சொன்னான். மறுபடி அடி. கால்களில் தடம் விழுகிற அளவுக்கு ஆயிற்று. கடைசியில் ஆஷர் பேசுவதையே நிறுத்திவிட்டான். மூன்று வயதுக் குழந்தை, கொஞ்ச காலத்துக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைத் தலைவி வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார். அரங்கமே சிரிக்கிறது. பிறகு அவன் பேசக் கற்றுக்கொண்டான், இப்போது தப்புகள் குறைந்துவிட்டன என்று பெருமையாக முடிக்கிறார். மேடையில் நிற்கிற ஆஷரும் அசடு வழியச் சிரிக்கிறான்.

நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் வகுப்பு. ஒரு பையனுக்கு 'ழ' வராது. 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்பான். வகுப்பிலேயே பெரிய சிரிப்புக்காரன் அவன்தான். தலைமையாசிரியர் நடப்பது மாதிரி நடந்து காட்டுவான். நானே ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி, சரியாக வரும்வரை 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னேன். பத்து முறை சொன்னான். பத்து முறையும் வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் எழுந்து நின்று வாசிக்கவே இல்லை. கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். நடந்து காட்டுவதும் நின்றுபோயிற்று. அவன் ஆண்டுத் தேர்வில் பாஸ் செய்தான். 'ழ' வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் பேசினால்தானே தெரியும்?

சரி, கதைக்கு வருவோம்.

ஆப்பிளும் பூவும்

ஆஷருக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்களா? பொழுதுபோக்குத் துறை உதவி இயக்குநர்! விளையாட்டுச் சொல்லித் தரும் வேலை. பொருத்தம்தான் என்று எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். சிரிப்பை ஒழிக்க முடியாத அரசாங்கம், அதற்கு ஒரு பதவி கொடுத்துத் தன் அலுவலகத்துக்குள்ளேயே உட்கார வைத்துக்கொண்டதோ?

ஜோனாஸுக்குக் கிடைத்த வேலை யாருக்கும் கிடைக்காதது. அந்த ஊர் மக்கள் பழைய நினைவுகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டவர்கள். போர், பசி, பனி, சூரிய ஒளி, வண்ணங்கள், தாத்தா பாட்டி என்று எதுவுமே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. எல்லா நினைவுகளையும் ஒரே ஒரு முதியவர் சுமந்துகொண்டிருக்கிறார். அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டியவன் ஜோனாஸ். அதற்கு ஒரு நிபந்தனை: பயிற்சியைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது. ஆஷரிடமும்தான்!

நினைவை இழப்பது எப்படி இருக்கும் என்று லௌரிக்குத் தெரியும். அவருடைய அப்பா முதுமையில் நினைவு மங்கி வாழ்ந்தவர். இந்தக் கதை பிறக்க அதுவும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

விழாவுக்கு முன்பே ஒரு சம்பவம் நடக்கிறது. ஜோனாஸும் ஆஷரும் ஓர் ஆப்பிளை வைத்துக் கேட்ச் பிடித்து விளையாடுகிறார்கள். காற்றில் பறக்கும்போது அந்த ஆப்பிள் ஒரு கணம் ஏதோ மாறுவதைப் போல ஜோனாஸுக்குத் தெரிகிறது. நிறமே இல்லாத ஊரில் அவன் முதன்முதலாகச் சிவப்பைப் பார்த்துவிட்டான்! அது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. ஏதாவது விசித்திரமாகத் தெரிகிறதா என்று ஆஷரைக் கேட்கிறான். கேட்ச்சைக் கோட்டை விட்டுக்கொண்டிருந்த ஆஷரோ, ஆமாம், இது என் கையில் இருந்து துள்ளித் துள்ளித் தரைக்குப் போகிறது என்று சிரிக்கிறான். என்ன அருமையான பதில்! ஆனால் ஜோனாஸ் கேட்டது அதையல்ல.

பிறகு ஒரு நாள் ஜோனாஸ் துணிந்துவிடுகிறான். பூச்செடிகள் பக்கம் ஆஷரை நிறுத்தி, அவன் தோளில் கை வைத்து, தான் பார்க்கும் வண்ணத்தை அவனுக்கும் காட்டிவிட முயற்சி செய்கிறான். நல்ல சாப்பாடு கிடைத்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் ஒரு வாய் கொடுக்கத் தோன்றுமே, அதுபோல. ஒன்றும் நடக்கவில்லை. ஆஷர் சங்கடத்தோடு விலகிக்கொள்கிறான். அந்தச் சின்ன விலகல் இருக்கிறதே... அதற்கு மேல் ஆசிரியர் ஒன்றும் விளக்கவில்லை. விளக்க வேண்டியதும் இல்லை.

அடுத்து வருவதுதான் எனக்கு மறக்க முடியாத காட்சி. முதியவரிடமிருந்து போரின் நினைவை ஜோனாஸ் வாங்கிக்கொள்கிறான். தண்ணீர் கேட்டபடி சாகக் கிடக்கும் ஓர் இளம் வீரனை அதில் பார்க்கிறான். கொஞ்ச நாள் கழித்து ஒரு விடுமுறை. ஆஷரும் மற்றப் பிள்ளைகளும் மைதானத்தில் கையையே துப்பாக்கியாக நீட்டி 'டுமீல் டுமீல்' விளையாடுகிறார்கள். ஜோனாஸும் எத்தனையோ முறை விளையாடிய விளையாட்டுதான். இன்று அவனால் நிற்க முடியவில்லை. நடு மைதானத்தில் கண்ணில் நீர் வர நிற்கிறான். இனிமேல் இதை விளையாடாதே என்று ஆஷரிடம் சொல்கிறான்.

ஆஷருக்குக் கோபம் வந்துவிடுகிறது. விளையாட்டுக்குப் பயிற்சி எடுப்பவன் நான், அது உன் துறை இல்லை என்கிறான். அந்தக் கோபத்திலும் பாருங்கள், 'நிபுணத்துவம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தப்பாகச் சொல்லிவிடுகிறான்! பழைய நாளாக இருந்தால் இருவரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். ஜோனாஸ் பழக்க தோஷத்தில் திருத்துகிறான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஆஷர், உனக்குரிய மரியாதையைக் கொடுக்காமல் பேசிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிறான். நண்பனிடம் அல்ல, பெரிய பதவிக்காரனிடம் கேட்கிற மன்னிப்பு. அன்றோடு அந்த நட்பு முடிந்ததென்று ஜோனாஸுக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஊரில் 'விடுவிப்பு' என்று ஒரு சொல் உண்டு. முதியவர்களையும் தப்பு செய்தவர்களையும் விடுவித்து வேறெங்கோ அனுப்பிவிடுகிறார்கள் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். சின்ன வயதில் ஒரு விளையாட்டில் ஆஷர் சொதப்பியதால் அணி தோற்க, உன்னை விடுவித்தாயிற்று என்று ஜோனாஸ் கத்திவிடுகிறான். பயிற்சியாளர் அவனைத் தனியே அழைத்துக் கண்டிக்க, ஆஷரிடம் மன்னிப்புக் கேட்கிறான். இது கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. விடுவிப்பு என்றால் உண்மையில் என்ன என்று கதையின் பிற்பகுதியில் ஜோனாஸ் கண்ணால் பார்க்கிறான். கொன்றுவிடுவதுதான் விடுவிப்பு. தன் உயிர்ச் சிநேகிதனைப் பார்த்து அவன் கத்திய சொல் அது!

ஜோனாஸ் ஊரைவிட்டுத் தப்பிப்பதும் ஒரு குழந்தையைக் காப்பாற்றத்தான். அப்பாவின் சைக்கிளில் அதை வைத்துக்கொண்டு கிளம்புகிறான். ஆஷரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்படியானால் ஆஷர் விசுவாசமான நண்பனா, இல்லையா? என் பேத்தி 'இல்லவே இல்லை தாத்தா' என்கிறாள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தெரியாத ஒன்றுக்காக அவன் எப்படித் துணை நிற்பான்? அவன் கண்ணுக்குப் பூ பூவாகத் தெரியாதபடி செய்தவர்கள் பெரியவர்கள் அல்லவா? பேச்சைத் தடியால் திருத்தினார்கள்; அவன் திருந்தியும்விட்டான்.

2014இல் இந்தக் கதை திரைப்படமாக வந்தது. அதில் ஆஷருக்கு விளையாட்டு வேலை இல்லை, விமானி ஆக்கிவிட்டார்கள். தப்பி ஓடும் ஜோனாஸைப் பிடிக்கும் வேலையை அவனிடமே ஒப்படைக்கிறார்கள். அவனோ ஜோனாஸைப் பிடித்த பிறகு ஆற்றில் போட்டுத் தப்பவிடுகிறான். கொட்டகையில் கைதட்டல் கிடைக்கும் காட்சிதான். இருந்தாலும் எனக்குப் புத்தகத்து ஆஷரைத்தான் பிடிக்கிறது. கைதட்ட முடியாதவன் அவன்.

ஒரு கத்தியும் ஒரு வாக்குறுதியும்

ஜேம்ஸ் டாஷ்னர் 2009இல் எழுதிய 'தி மேஸ் ரன்னர்' கதையில் சக் என்று ஒரு குண்டுப் பையன் வருகிறான். நினைவு அழிக்கப்பட்ட பையன்களை, ராட்சதச் சுவர்களால் ஆன புதிர்ப் பாதைக்கு நடுவே அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே புதிதாக வரும் தாமஸை எல்லாரும் முறைக்கிறார்கள். தானாக வந்து ஒட்டிக்கொள்பவன் சக் மட்டுமே. தொணதொணவென்று பேசுவான். குறும்பு செய்வான். இரவில் மட்டும், தன் அப்பா அம்மா எப்படி இருப்பார்கள் என்று நினைத்து நினைத்து அழுவான். உன்னை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று தாமஸ் வாக்குக் கொடுக்கிறான். கடைசியில் தாமஸை நோக்கி ஒரு கத்தி பறந்து வரும்போது, நடுவில் பாய்ந்து அதை வாங்கிக்கொள்கிறான் சக்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. சிரிக்க வைத்த நண்பனைச் சாகவைத்து, நாயகனுக்குக் கோபம் ஏற்றுவது கதாசிரியர்களின் பழைய வழக்கம். உங்களைச் சிரிக்க வைத்தவனைப் பறித்தால்தானே உங்களுக்கு வலிக்கும்? ஆனாலும், அந்த நிறைவேறாத வாக்குறுதியை நினைத்தால் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

நீலம் தேடிப் போன பொடியன்

மறுபடி லௌரியிடம் வருவோம். 2000இல் அவர் எழுதிய 'கேதரிங் ப்ளூ' புத்தகத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பொடியன் இருக்கிறான். பெயர் மேட்.

இந்த ஊரில் பளபளப்பு எதுவும் இல்லை. ஒரே சேறும் சண்டையும். உடலில் குறையோடு பிறக்கும் குழந்தையை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கிரா என்ற பெண்ணுக்குப் பிறவியிலேயே கால் வளைந்திருக்கும். அம்மா பிடிவாதம் பிடித்ததால் பிழைத்தவள். அந்த அம்மாவும் நோயில் போய்விடுகிறாள். கிராவின் கையில் அபாரமான தையல் திறமை இருப்பதால், ஊர் வரலாறு தைக்கப்பட்ட ஓர் அங்கியைப் பழுது பார்க்கும் வேலையைக் கொடுத்துப் பெரிய கட்டடத்தில் தங்க வைக்கிறார்கள். நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை. ஆனால் பெண்கள் படிக்கக் கூடாது என்று சட்டம்!

மேட்டுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். ஊரிலேயே ஏழ்மையான சேற்றுப் பகுதிக்காரன். உடம்பெல்லாம் அழுக்கு. கூடவே வாலாட்டிக்கொண்டு ஒரு நாய். பொய் சொல்வான், திருடுவான், இலக்கணம் அவன் பேச்சில் படாதபாடு படும். அவன் வந்தாலே கிராவின் அறையில் சிரிப்புச் சத்தம்தான்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? ஆஷருக்கும் நாக்குத் தடுமாறும். மேட்டுக்கும் பேச்சுத் தாறுமாறு. ஒரே எழுத்தாளர் ஏன் தன் இரண்டு சிரிப்புக்காரப் பையன்களுக்கும் இப்படி ஒரு நாக்கைக் கொடுத்தார்? அளந்து பேசச் சொல்லும் ஊரில், அளவுக்கு அடங்காத ஒரே பொருள் குழந்தையின் நாக்குதான் என்பதாலோ என்னவோ! ஆனால் மேட்டை யாரும் பிரம்பால் திருத்தவில்லை. அவனைத் திருத்தும் அளவுக்கு யாரும் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் நிஜம். அந்த அலட்சியத்தில் அவன் தப்பித்துக்கொண்டான்.

கிராவுக்கு நூலுக்குச் சாயம் ஏற்றச் சொல்லித் தருகிறாள் ஒரு கிழவி. சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் செடிகளில் இருந்து கிடைக்கின்றன. நீலம் மட்டும் கிடைக்கவில்லை. நம்மூரில் அவுரிச் செடியில் இருந்து நீலம் எடுப்பார்கள் அல்லவா? குளிர் நாடுகளில் அதற்கு 'வோட்' என்று வேறொரு செடி. இரண்டிலும் நீலம் தரும் பொருள் ஒன்றே. அந்தச் செடி கிராவின் ஊரில் இல்லை. தொலைவில், காட்டுக்கு அப்பால் இருப்பவர்களிடம் உண்டு என்று பேச்சு. காட்டில் கொடிய மிருகங்கள் உண்டு என்றும் பேச்சு. பெரியவர்களே போக அஞ்சும் காடு.

ஒருநாள் மேட்டைக் காணோம். நாயையும் காணோம். உனக்குப் பரிசு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். நாட்கள் போகின்றன. கிரா துடிக்கிறாள். பிறகு ஒருநாள் உடம்பெல்லாம் கீறலும் புழுதியுமாக வந்து நிற்கிறான். கையில் நீலத் துணித் துண்டு ஒன்று!

அதோடு விட்டானா? இன்னொரு பெரிய பரிசும் இருக்கிறதென்று கண்ணைச் சிமிட்டுகிறான். அவன் கைப்பிடித்து அழைத்து வந்தது நீலச் சட்டை போட்ட, பார்வையற்ற ஒரு மனிதரை. கிரா பிறப்பதற்கு முன்பே மிருகங்கள் கொன்றுவிட்டதாக ஊர் நம்பிய அவளுடைய அப்பா! மிருகம் எதுவும் அவரைக் கொல்லவில்லை. ஊருக்குள் இருந்த ஒருவன்தான் தாக்கிவிட்டுப் போனான். வேற்றூர்க்காரர்கள் தூக்கிச் சென்று பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

பெரிய பெரிய காவலர் குழு கட்டிக் காத்த பொய்யை, மூக்கு ஒழுகும் ஒரு பையன் சிநேகிதிக்குக் கொஞ்சம் நீலம் கொண்டுவரப் போய் உடைத்துவிட்டான். அவன் புரட்சி செய்யப் போகவில்லை. பரிசு வாங்கப் போனான்! இந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

மேட் வளர்ந்தான்

2004இல் வந்த 'மெசஞ்சர்' புத்தகத்தில் அதே மேட்தான் கதாநாயகன். பக்கத் துணையாக வந்தவனுக்கு முழுப் புத்தகம் கிடைப்பது அபூர்வம்! இப்போது அவன் வளர்ந்த பையன். பெயர் மேட்டி. கிராவின் அப்பாவோடு அந்தத் தொலைதூரக் கிராமத்தில் வாழ்கிறான். படிக்கக் கற்றிருக்கிறான். பொய்யையும் திருட்டையும் விட்டுவிட்டான். விரட்டப்பட்டவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் எல்லாரையும் வரவேற்று வாழவைக்கும் கிராமம் அது. அதற்குத் தலைவர் ஓர் இளைஞர். சின்ன வயதில் சிவப்புப் பனிச்சறுக்கு வண்டியில் அங்கே வந்து சேர்ந்தவர். யாரென்று ஊகித்திருப்பீர்களே? ஆமாம், நம் ஜோனாஸ்! பெயரை ஆசிரியர் சொல்வதில்லை. ஆஷரைப் பின்னால் விட்டு வந்தவருக்குப் பக்கத்தில் இப்போது மேட்டி நிற்கிறான்.

அந்த நல்ல கிராமமும் கெட ஆரம்பிக்கிறது. சந்தை ஒன்று கூடுகிறது. வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்; விலையாகத் தங்கள் மனத்தின் நல்ல பகுதியைக் கொடுத்துவிட வேண்டும். அங்கே போய்த் தன்னை விற்றவர்களில் ஒருவர், சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, பள்ளி ஆசிரியர்! பிள்ளைகளிடம் அத்தனை அன்பாக இருந்தவர். முகத்தில் இருந்த பெரிய மச்சம் மறைந்து அழகாக வேண்டும் என்ற ஆசையில் மனத்தை விற்றுவிட்டார். வெளியூர்க்காரர்களை உள்ளே விடக் கூடாது, சுவர் எழுப்ப வேண்டும் என்று முதலில் கத்துபவரும் அவர்தான். நல்ல வாத்தியார் கெட்டுப்போவதைவிட ஓர் ஊருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று லௌரிக்குத் தெரிந்திருக்கிறது.

ஊர் வாசலை அடைப்பதற்குள் கிராவை அழைத்து வர வேண்டும். நடுவில் காடு. முன்பு மேட்டியை மட்டும் வழிவிட்டு விளையாட்டாய் அனுமதித்த அதே காடு, இப்போது கொடியும் முள்ளுமாய் மனிதர்களைப் பிடித்து இறுக்குகிறது. கால் வளைந்த கிராவோடு அவன் திரும்பி வர வேண்டும்.

அந்தக் காட்டுக்குள் என்ன நடந்தது என்பதை நான் சொல்லப் போவதில்லை. பேத்தியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தக் கடைசி அத்தியாயத்தை அவள் படித்த அன்று இரவு சாப்பிடக் கூப்பிட்டோம். வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், 'கேதரிங் ப்ளூ'வை எடுத்து வைத்துக்கொண்டு, மேட்டும் நாயும் முதன்முதலாக வரும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.